பூஜ்யத்துக்குக் கீழே

அந்த வீட்டுக் கிழவரின் கடைசி மூச்சு வெளியே வந்து சேர ஏறக்குறையப் பத்து வருஷம் ஆனது. அந்தத் தெருவில் இன்டர்நெட் முதல் முறை பறந்ததும் அதே பத்து வருஷம்தான். இரண்டும் ஒரே காலையில் தொடங்கி ஒரே மதியத்தில் முடிந்தன. இடைப்பட்ட காலத்தில் முன்னறைக்குள் இறங்கிக் கிழவரின் வாயைத் துடைத்துவிட்டு வந்தவள் அவருடைய மருமகள் ஒருத்திதான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களின் கதை. நன்றாகத்தான் சொல்கிறார்கள். கிட்டப் போகாதவர்கள் எதையும் நன்றாகவே சொல்வார்கள்.

கிழவர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் கண்ணுக்கே தெரியாதபோது கேட்டைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைக்கிற ஆளைப் பார்த்துவிட்டால் அவர் முகம் கசப்பு மருந்து குடித்தது போல ஆகிவிடும். "சீ! உயிர விடறதுக்கு அப்படி என்னடா அவசரம்?" என்பார். அந்தச் "சீ" அடிவயிற்றிலிருந்து வரும். கேட்டவன் சைக்கிளோடு பின்வாங்குவான். அப்பேர்ப்பட்டவருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மகன் பிறந்தான். அவன் பால் பொங்குகிற வரை நிற்கமாட்டான், பச்சையாகவே குடித்துவிட்டுப் போய்விடுவான். கல்யாணத்தன்று புகைப்படக்காரர் "சிரிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்துவிட்டதால் எல்லாப் படத்திலும் மருமகள் தனியாக நிற்கிறாள், பக்கத்தில் ஒரு மங்கல். தெருவில் அவனுக்கு ஸ்பீடு என்று பெயர். மாடி அறையில் பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றைப் போட்டு நெட் சென்டர் நடத்தினான்.

டெலிபோன் வழியாக இன்டர்நெட் வந்த காலம் அது. மோடம் என்ற சின்னப் பெட்டி முதலில் நம்பர் போடும். பிறகு தகர டப்பாவை ஆணியால் கீறிக்கொண்டே கோழியின் கழுத்தை நெரிப்பது போல ஒரு கிரீச் சத்தம் எழுப்பும். அதற்குப் பிறகு ஒரு போட்டோ மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கும். முதலில் தலைமுடி, அடுத்து நெற்றி. மூக்கு வருவதற்குள் லைன் கட்டாகிவிடும், மறுபடி நம்பர், மறுபடி கிரீச். மூக்கில்லாத முகங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் அந்தத் தெருவில் ஏராளம். ஸ்பீடால் இதைப் பொறுக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் படித்துப் படித்து செட்டிங்ஸை நோண்ட ஆரம்பித்தான். மோடத்தின் வேகத்தை அது தாங்காத எண்ணுக்கு ஏற்றினான். தகவல் போகிற பொட்டலங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான். பிழை திருத்தம் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தான். படங்கள் சீக்கிரம் வந்தன, ஆனால் கண் இருக்க வேண்டிய இடத்தில் வாய் இருந்தது. டிக்கைத் திருப்பிப் போட்டான். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சு, படுக்கையிலும் அதே பேச்சு. மருமகள் கல்யாணத்துக்கு முன்பு டைப்பிஸ்டாக இருந்தவள். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவன் பேசிப் பேசியே அந்த ஆசையைக் கொன்றுவிட்டான்.

கிழவர் சாக வேண்டிய நாளும் பரீட்சை முடிவு வருகிற நாளும் ஒன்றாக அமைந்துபோயின. "இன்னைக்குத் தாண்டாது, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிழவர் முன்னறைக் கட்டிலில் இழுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படி அந்த அறையின் ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. ரிசல்ட் பார்க்க வந்த கூட்டம் படியெல்லாம் நிறைந்து வாசல் வரை நின்றது. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஒரு உயிர் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபடி அவர்கள் நகத்தைக் கடித்துக் கடித்துத் துப்பினார்கள். துப்பிய நகம் கிழவரின் போர்வைமேல் விழுந்தது. மருமகள் அதைப் பொறுக்கி எறிந்தாள். ஸ்பீடு மாடியைவிட்டு இறங்கவே இல்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் லைனில் ஒரு பங்கைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும், அதைப் பூஜ்யமாக்கினால் வேகம் கூடும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அது உண்மையோ பொய்யோ, அன்றைக்கு ஸ்பீடு அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்துப் பூஜ்யம் போட்டான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் கத்தியது. பூஜ்யமே போதவில்லை என்றால் அதற்குக் கீழே போக வேண்டியதுதானே என்று அவனுக்குத் தோன்றியது. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிராது, ஏனென்றால் வேறு யாரும் அவ்வளவு அவசரத்தில் இல்லை. மைனஸ் போட்டு நூறு என்று அடித்து ஓகேவை அழுத்தினான். கட்டம் அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

"ஏய், மேல வா! வந்து பாரு!" என்று அவன் போட்ட கூச்சலில், கிழவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று குழம்பி, அவர் வாயைத் துடைத்த துணியைக் கையில் பிடித்தபடியே மருமகள் மாடிக்கு ஓடினாள். எந்த மெனு, எந்தக் கட்டம், எங்கே மைனஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். பிறகு ஒரு பக்கத்தைத் தட்டினான். அது வரிவரியாக இறங்கவில்லை. தலை, நெற்றி, மூக்கு எல்லாம் ஒரே அடியாக வந்து நின்றது. கூட்டம் கை தட்டியது. தேர்வில் தோற்றவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் தோற்றதில் சந்தோஷப்பட்டார்கள். மருமகள் கீழே இறங்கி வந்தபோது, கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியின் ஓட்டை வழியாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கொழகொழவென்று வெளியே வந்து, நூலாக நீண்டு, கிழவரின் நெஞ்சின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பல நாள் ஊறிக் கிடந்த கரித்துணியின் நாற்றம். அவள் ஓங்கரித்துக்கொண்டே அதைத் துணியால் வழித்தாள். வழித்து முடித்து நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது, கூட்டமெல்லாம் போய்விட்டிருந்தது. கிழவர் அதே மூச்சை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

தெரு அதற்குச் சளி என்று பெயர் வைத்தது. அது என்னவென்று சொன்னவர் டெலிபோன் லைன்மேன். அவர் நிலைப்படியில் குந்தி, ஒரு விரலை அதில் விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லைன்ல எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் காத்திருக்கணும்மா. அந்தக் காத்திருப்பு மொத்தத்தையும் உங்க வீட்டுக்காரர் வெளிய தள்ளிட்டாரு. அது எங்கயாச்சும் போய்த்தானே ஆகணும்? லைன் உள்ள வர்ற இடத்துல ஒழுகுது" என்றார். வயரை வெட்டிவிடட்டுமா என்று அவள் கேட்டாள். "வெட்டிடாதீங்க. வந்த வழியாத்தான் திரும்பிப் போகும். வழிய அடைச்சா உள்ள இருக்கறது உள்ளயேதான். மாடியில போட்டத மாடியிலதான் எடுக்கணும்." அவருடைய அந்த ஒரு விரலில் அதற்குப் பிறகு நகம் வளரவில்லை. வெட்டுகிற வேலை மிச்சம் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

சளி பட்ட இடத்தில் எதுவும் அவசரப்படாது, அவ்வளவுதான் விஷயம். மேலாகப் பட்டால் கொஞ்சம் மந்தம், மூழ்கிவிட்டால் அனேகமாக நின்றே போகும். அறை தாழ்வாகவும் நிலைப்படி உயரமாகவும் இருந்ததால் அது அறையைத் தாண்டி வெளியே வழியவில்லை. கிழவர் முழுக்க அதில் ஊறிக் கிடந்தார், தலையணை அடுக்கின்மேல் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. ஆரம்பத்தில் மருமகள் வாளி வாளியாக அள்ளித் தெருச் சாக்கடையில் ஊற்றினாள். அன்றே அரைத் தெரு வாசலில் கூடிவிட்டது. மாடியிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுத்து, அவரவர் வீட்டிலேயே ஒரே அடியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சாக்கடையில் பாதி தாவிய எலி ஒன்று அப்படியே அந்தரத்தில் நிற்பதாகவும், பார்க்கச் சகிக்கவில்லை என்றும், பிள்ளைகுட்டிகள் நடமாடுகிற இடம் என்றும் மருந்துக்கடைக்காரர் எல்லாருக்குமாகப் பேசினார். "உங்க வீட்டுச் சளிய உங்க வீட்டோட வச்சுக்குங்கம்மா" என்றார். எலியோடு ஒட்டியிருந்ததை விட்டுவிட்டு, ஊற்றியதையே வாளியில் திரும்ப அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த அருவருப்பைப் பார்த்தபோது, அவளுக்குச் சளியே தேவலை என்று இருந்தது.

டாக்டர் ஒருமுறை வந்தார். உள்ளே இறங்கிக் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்து அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தார். துடிப்பு வந்தது, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். அதற்குள் அவருடைய கம்பவுண்டர் டாக்டராகியிருந்தார், நோயாளிகளுக்கும் அவரைத்தான் பிடித்திருந்தது. அதன் பிறகு எந்த டாக்டரும் அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், வாசலில் நின்றபடியே கும்பிட்டார்கள். ஸ்பீடு அவர்களுக்குப் பக்கத்தில் கைக்குட்டையோடு நின்று, "டாக்டர் ஒரு நாள்னு சொன்னாரு. நான்தான் இத்தன நாளா அப்பாவ உயிரோட வச்சிருக்கேன்" என்பான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டு, மாடிக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்தப் பிள்ளை ஒரு நாள்கூட உள்ளே கால் வைத்ததில்லை.

கால் வைத்தவள் மருமகள். யாராவது துடைத்தாக வேண்டியிருந்தது. கிழவரின் உதட்டோரத்தில் எச்சில் திரண்டு, நூலாகி, மெல்ல மெல்லத் தாடைக்கு இறங்கும். அந்த ஒரு சொட்டு இறங்குவதை ஒரு மழைக்காலம் முழுக்கத் தெரு பார்த்தது. கீழ் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் விரட்டினால் அது எழுந்து பறக்கத் தயாராவதற்கே ஒரு வருஷம் ஆகும், அதனால் முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்தியது. ரப்பர் விரிப்பின் ஈரம் காயவே இல்லை. அவரிடமிருந்து கோடையில் கிளம்பிய ஓர் இருமல் அடுத்த கோடையில் தொண்டைக்கு வந்தது. மருமகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, கண், மூக்கு, வாய் என்று துடைத்துவிட்டு, விரிப்பை மாற்றிவிட்டு வெளியே வருவாள். அவள் கணக்குக்குப் பால் காய்ச்சுகிற நேரம்தான் ஆகியிருக்கும். வெளியே வந்தால் எதிர்வீட்டில் சுவர் எழுந்திருக்கும். அடுத்த முறை அதற்குக் கூரை போட்டிருக்கும், அதற்கடுத்த முறை வேறு யாரோ குடிவந்திருப்பார்கள். அவள் தங்கையின் கல்யாணம் ஒரு விரிப்பு மாற்றுகிற நேரத்தில் நடந்து முடிந்தது. தங்கைக்குக் குழந்தை பிறந்ததும், அது தவழ்ந்ததும், பள்ளிக்கூடம் போனதும் வாய் துடைக்கிற நேரத்தில் போயின. ஸ்பீடுக்குத் தொப்பை விழுந்தது, காதோரம் நரைத்தது. அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. "உனக்கென்னம்மா, கொடுத்து வச்சவ. வயசே ஆகல" என்று தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த அதே பெண்கள்தான்.

அந்த மைனஸை எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்காமல் இல்லை. வெளியே வரும்போதெல்லாம் கேட்டாள். "அத எடுத்தா அடுத்த நிமிஷம் அப்பா போயிடுவாரு. உன் கையால அவர கொல்லணுமா? கொலகாரின்னு பேர் வாங்கணுமா?" என்பான். அவள் துணியை அலசப் போய்விடுவாள். தவிரவும், கிழவரின் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. உதடுகள் பிரிவது வாசலில் இருந்தே தெரிந்தது. ஸ்பீடுக்கு அதில் ரொம்பப் பெருமை. "அப்பா எங்கிட்ட ஏதோ சொல்ல வர்றாரு. வாழ்நாள் பூரா ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல, இப்பதான் மனசு இளகியிருக்கு. அது வெளிய வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது" என்று எல்லாரிடமும் சொன்னான். ஊரில் மற்ற தெருக்களுக்கெல்லாம் புது வகை வேக லைன் வந்தது. அதன் ஆட்கள் இந்தத் தெருவுக்கும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் கடையில் ஒரு படத்தைத் தட்டிக் காட்டினார். வந்தவர்கள் வாயைப் பிளந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இப்படியாக உலகம் முழுக்க மோடத்தைத் தூக்கிப் போட்ட பிறகும் அந்த மாடியில் மட்டும் அது நம்பர் போட்டுக்கொண்டும் கிரீச்சிட்டுக்கொண்டும் இருந்தது.

அந்தக் கிரீச் என்ன செய்கிறது என்பது மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு அது காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், லைன் கட்டாகும்போது கொஞ்சம். உள்ளே இறங்கி நின்றால், வெளியே ஓடுகிற மாதங்களின் கிரீச்செல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாத ஓர் அலறலாகக் காதில் இறங்கும். அவள் இரண்டு காதையும் தோளில் மாறி மாறி அழுத்திக்கொண்டே துடைப்பாள். முழங்கால் ஆழத்தில் அவளுக்கே அப்படி என்றால், முழுக்க ஊறிக் கிடப்பவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவள் கிழவரின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் கெஞ்சவில்லை. சைக்கிளை நுழைப்பவனைப் பார்க்கிற கண்ணாக இருந்தது. அவள் துணியைப் பிழிந்துகொண்டு வெளியேறினாள்.

வெளியே தங்கை நின்றிருந்தாள். மருமகள் முதலில் அவளைத் தன்னைவிட மூத்த யாரோ என்று நினைத்தாள். நெற்றியில் சுருக்கம், முன்மண்டையில் நரை, கையைப் பிடித்துக்கொண்டு இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண். "அக்கா" என்றாள் தங்கை. தெருவில் போன ஒருவர் யார் யாரை அக்கா என்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எப்ப வந்தே?" என்றாள் மருமகள்.

"போன தடவையா, இந்தத் தடவையா? போன தடவை வந்தப்ப நீ உள்ள இருந்தே. வாசல்ல உக்காந்து உக்காந்து பாத்துட்டு, லீவு முடிஞ்சு போயிட்டேன். உன் முதுகுதான் தெரிஞ்சுது. துணிய ஒரு இழுப்பு இழுத்தே, அவ்வளவுதான்." தங்கை அழவில்லை. அழுகிற கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டிருந்தாள். "சளி தொடைக்கு மேல ஏறிடுச்சுக்கா. இன்னொரு தடவ நீ உள்ள போனா, திரும்பி வரும்போது நான் இருக்கமாட்டேன். இதுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். உன்ன யார்னே தெரியாம ஒருத்தி வாசல்ல நிப்பா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." இரட்டைப் பின்னல் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னறையையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகளின் கணுக்காலிலிருந்து சாம்பல் நிறக் கொழகொழப்பு ஒன்று தரையில் சொட்டுவதற்கு யோசித்துக்கொண்டிருந்தது.

ஸ்பீடு பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகள் காலைக்கூடக் கழுவாமல் மாடி ஏறினாள். கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்றத்துக்கு நாற்காலியோடு விலகினார்கள். அவன் அன்று பெருமையோடு காட்டிய மெனுக்கள் எல்லாம் அவளுக்கு நேற்றுப் பார்த்தது போல நினைவிருந்தன. உண்மையில் அவள் வாழ்ந்த கணக்குக்கு அது ஒன்றும் அவ்வளவு பழைய விஷயமில்லை. கட்டத்தைத் திறந்தாள், மைனஸ் அங்கேயே இருந்தது, ஒரு சின்னக் கோடு. பத்து வருஷத்தை இந்தத் துரும்பா தின்றது என்று அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கொலைகாரி என்றால் கொலைகாரி என்று அதை அழித்து, ஓகேவை அழுத்தினாள்.

முதலில் மாடியில் இருந்த திரைகளெல்லாம் உறைந்தன. அடுத்து, கீழே பெரிய சாக்கடை அடைப்பு விட்டது போலக் களக் களக் என்று சத்தம். முன்னறையில் இருந்தது முழுவதும் கட்டிலைச் சுற்றிச் சுழன்று, சுவரில் ஏறி, டெலிபோன் பெட்டியின் ஓட்டைக்குள் உறிஞ்சப்பட்டு, வந்த வழியே போனது. சாக்கடையில் எலி தாவி முடித்தது. ஈ பறந்தது. கிழவரின் இருமல் வெளியே வந்து விழுந்தது. சாப்பிட்ட கையோடு ஸ்பீடு ஓடிவந்தான், பத்து வருஷத்தில் முதல் முறையாக நிலைப்படியைத் தாண்டினான், குனிந்து அப்பாவின் வாயருகே காதை வைத்தான். தங்கையும் அவள் பெண்ணும் வாசலில் நின்றார்கள், மருமகள் படியிறங்கிக்கொண்டிருந்தாள், எல்லார் காதிலும் விழுந்தது.

"சீ! அந்தச் சனியன் சத்தத்த நிறுத்துடா!" என்றார் கிழவர். அந்த மூச்சோடு போய்விட்டார்.

ஸ்பீடின் முகம் ஒரு நிமிஷம் விழுந்துபோனது உண்மைதான். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் எதிலும் நிற்பவன் அல்லவே. மாடியிலிருந்து "அண்ணே, நெட்டு போச்சு!" என்று குரல் வந்ததும், எழுந்து கையைக் கூட உதறாமல் படியேறினான். கிழவரைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, கண்ணையும் வாயையும் மூடியவர்கள் அக்காவும் தங்கையும்தான். இறுதிக் காரியத்துக்குத் தெருவே திரண்டு வந்தது. எல்லாரும் துக்கமாகத்தான் இருந்தார்கள். பெரியவர் புண்ணியம் செய்தவர், நல்ல சாவு என்று மருந்துக்கடைக்காரர் ஸ்பீடின் தோளைத் தட்டினார். தட்டிய கையை எடுக்காமலே, "ஒரு போட்டோ நெத்தியோட நிக்குது. பழையபடி எப்ப வரும்?" என்று காதில் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதைக் கேட்கத்தான் வரிசையில் நின்றார்கள். மருமகளுக்குச் சளி நாற்றம் மறுபடியும் மூக்கில் ஏறியது. அறையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

காரியம் முடிந்த மறுநாளே ஸ்பீடு கம்ப்யூட்டர் மேஜையைக் கீழே இறக்கினான். முன்னறைதான் இப்போது காலியாகிவிட்டதே. டெலிபோன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வயர் குறையும், வயர் குறைந்தால் வேகம் இன்னும் கூடும் என்று அவனுக்கு யோசனை. கட்டில் கிடந்த இடத்தில் மேஜை, தலைக்கு நேர் மேலே பெட்டி. மருமகள் பையில் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தங்கையோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. மோடம் கிரீச்சிட்டதும் எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"அங்க உக்காந்து அதப் போடாதீங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. இந்தத் தடவ ஆயிரம்" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

"உங்க தலைக்கு மேல பாருங்க."

"ஒரு நிமிஷம்" என்றான். அவன் வாழ்க்கையில் அதைச் சொன்னது அது ஒரு தடவைதான். ஓகேவை அழுத்தினான். முழுப் பக்கம் ஒரே அடியாகத் திரையில் வந்து நின்றது. அவன் வாயைப் பிளந்து சிரித்தான். மேலே இருந்து கெட்டியாக, சாம்பல் நிறத்தில், வாளியைக் கவிழ்த்தது போல அவன் உச்சந்தலையில் இறங்கியது. தோள், மடி, மேஜை, மவுஸ் எல்லாம் அதற்குள் போயின. சிரிப்பு சிரித்தபடியே நின்றது. எப்படியோ முகம் மட்டும் வெளியே தெரிந்தது, அப்பாவுக்குத் தெரிந்தது போலவே.

மைனஸை எடுக்க வேண்டுமானால் இனி உள்ளே இறங்க வேண்டும். மருமகள் பழக்கத்தில் துணியை எடுத்து வந்துவிட்டிருந்தாள், புடவையைத் தூக்கிச் செருகியும்விட்டாள். ஒரு கால் நிலைப்படிமேல் இருந்தது. அவன் உதட்டோரத்தில் எச்சில் திரள ஆரம்பித்திருந்தது. எங்கிருந்தோ ஓர் ஈ வந்து இடம் பார்த்தது. வாசலில் தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் பெண், "பெரியம்மா, பஸ் போயிடும்" என்றாள். மருமகள் எச்சிலைப் பார்த்தாள். அவளுக்கு ஓங்கரிக்கவில்லை, அழுகையும் வரவில்லை. வந்ததெல்லாம் கிழவரின் "சீ"தான். அதை முழுதாக, அடிவயிற்றிலிருந்து, சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள். துணியை நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, இடுப்புச் செருகலை இழுத்து விட்டுக்கொண்டு, தெருக்கோடி வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இப்போது அவள் தங்கையைவிட இளையவளாகத் தங்கை வீட்டில் இருக்கிறாள், ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள், மூவரும் வெளியே போனால் யார் அக்கா என்று பார்க்கிறவர்கள் அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். தெருவில் இன்டர்நெட் முன்னைவிடப் பிரமாதமாக ஓடுகிறது. மருந்துக்கடைக்காரர் அவ்வப்போது வந்து கைக்குட்டையோடு எட்டிப் பார்த்து, ஸ்பீடு சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். மவுஸிலிருந்து அவன் விரல் இன்னும் எழவில்லை. எச்சில் தாடை வரை வந்திருக்கிறது. முறை வைத்துத் துடைக்கலாம் என்று ஒருமுறை எல்லாரும் கூடிப் பேசினார்கள், முதல் முறை யாருடையது என்பதில் பேச்சு நின்றிருக்கிறது. துணி அதே ஆணியில்தான் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.